அறிக்கைக்குத் தனிச் சாவி: கணக்கு விவரங்களை இணைக்கும்போது கடவுச்சொல்லைக் காக்கும் வழிகள்

அம்பாங்கான்: காலையில் கடையைத் திறப்பதற்கு முன்பே, நேற்றைய விற்பனை எவ்வளவு என்று கைப்பேசியில் பார்த்துவிடும் காலம் இது. லாரி நிறுவனத்தின் டீசல் செலவு, கூட்டுறவுச் சங்கத்தின் சந்தா நிலுவை, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வரவு செலவு, ஆலயத் திருவிழாவின் நன்கொடைப் பட்டியல் என எதுவானாலும், அட்டவணையாகவும் வரைபடமாகவும் திரையில் தானாகவே வந்து நிற்கச் செய்யலாம். அம்பாங்கான், சிரம்பான் போன்ற பட்டணப் பகுதிகளுக்கு மட்டுமல்ல, லாபு, ரந்தாவ் தோட்டப்புறங்களைச் சுற்றியுள்ள சிறு குத்தகையாளர்களுக்கும் இது எட்டும் வசதிதான்.

அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு சாவி வேலை செய்கிறது. விவரங்கள் இருக்கும் இடத்திற்குள் நுழைய, அறிக்கை தயாரிக்கும் கருவிக்கு யாரோ ஒருவர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்கிறார். அவர் யார், அந்தச் சாவி எத்தனை கதவுகளைத் திறக்கும், அவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பவற்றை, இணைக்கும் அன்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. சிக்கல் வரும்போது இந்தக் கேள்விகளே முதலில் எழுகின்றன.

செக்ரோலும் சம்பளப் பட்டியலும்

தோட்ட அலுவலகத்தை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். காலைப் பெரட்டில் பெயர் எடுக்கப்படும். கிராணி அதைச் செக்ரோல் புத்தகத்தில் ஏற்றுவார். மாத முடிவில் அந்தப் புத்தகத்திலிருந்து சம்பளப் பட்டியல் தயாராகும். இதில் செக்ரோல்தான் தரவு மூலம், சம்பளப் பட்டியல்தான் அறிக்கை.

பட்டியலைத் தயாரிப்பவருக்குச் செக்ரோலைப் படிக்கும் உரிமை இருந்தால் போதும். பெயரை நீக்கவோ, நாள் கணக்கைத் திருத்தவோ, அலுவலகத்து இரும்புப் பெட்டியைத் திறக்கவோ அவருக்கு உரிமை தேவையில்லை. 

கணினியிலும் இதுவே விதி. மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ, கூகளின் லுக்கர் ஸ்டூடியோ, எல்லோரும் அறிந்த எக்செல் ஆகியவை, தரவு மூலத்தைப் படித்து அறிக்கை தரும் கருவிகளாகப் பயன்படுகின்றன. படிக்கும் வேலைக்குப் படிக்கும் உரிமை போதும். ஆனால் இணைக்கும் அவசரத்தில் நிர்வாகியின் முழு அதிகாரக் கடவுச்சொல்லையே பலர் தட்டிவிடுகிறார்கள். உடனே வேலை செய்கிறது என்பதால் அது அப்படியே தங்கிவிடுகிறது.

நான்கு வகை நுழைவு

ஒரு கருவியைத் தரவு மூலத்தோடு இணைக்கப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும். ஒரு மனிதர் நுழைவதைப் போலவே கருவியும் நுழையும். எளிமையானது, ஆனால் ஆபத்து அதிகம். அந்த மனிதருக்கு உள்ள அத்தனை உரிமையும் கருவிக்கும் போய்விடும்.

இரண்டாவது, அனுமதி வழி இணைப்பு. “கூகள் கணக்கு வழி நுழைக” என்று வரும் பொத்தான் இந்த வகைதான். இதில் கடவுச்சொல் கருவியிடம் போவதில்லை. கணக்கின் உரிமையாளர் சம்மதம் சொன்னதும், டோக்கன் எனப்படும் அனுமதிச் சீட்டு கருவிக்கு வழங்கப்படுகிறது. வேண்டாம் என்றால் சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம், கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, இணைப்புச் சாவி. நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடரை, தரவு மூலத்தை நடத்தும் நிறுவனமே உருவாக்கித் தரும். இதை மனிதர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக உள்ளது இது.

நான்காவது, சேவைக் கணக்கு. எந்த மனிதரின் பெயரிலும் இல்லாமல், அறிக்கை வேலைக்கென்றே திறக்கப்படும் கணக்கு இது. “மாத அறிக்கை” என்று அதற்குப் பெயர் வைத்து, படிக்கும் உரிமை மட்டும் கொடுக்கலாம். யார் வேலையில் சேர்ந்தாலும் விலகினாலும் இந்தக் கணக்கு நிறுவனத்தோடு இருக்கும்.

தொடர்ந்து ஓட வேண்டிய அறிக்கைக்கு நான்காவது வழியே பொருத்தமானது. அந்த வசதி இல்லாத இடத்தில் இரண்டாவதையோ மூன்றாவதையோ நாடலாம். ஒருவரின் சொந்தக் கடவுச்சொல், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

30 லட்சம் பேரின் விவரங்கள்

எல்லாக் கதவையும் திறக்கும் ஒரு சாவி என்ன செய்யும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலியைப் பயன்படுத்தாதவர் அரிது. அது தொடர்பான தணிக்கைக் கண்டுபிடிப்பு, தலைமைக் கணக்காய்வாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்று 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திற்கு வந்தது. தடுப்பூசி பெற்ற 30 லட்சம் பேரின் விவரங்கள், “சூப்பர் அட்மின்” எனப்படும் உச்ச அதிகாரக் கணக்கு ஒன்றின் மூலம் பதிவிறக்கம் செய்யப்பட்டதாக அந்த அறிக்கை சொன்னது.

பூட்டு உடைக்கப்பட்டதாக அல்ல, ஒரு கணக்கின் வழியே விவரங்கள் வெளியே எடுக்கப்பட்டதாகவே அறிக்கை கூறியது. படிப்பது, திருத்துவது, மொத்தமாக அள்ளுவது எனத் தனித்தனியாக இருக்க வேண்டிய உரிமைகள் ஒரே கணக்கில் குவியும்போது, அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது மட்டுமே பாதுகாப்பாக எஞ்சுகிறது.

சிறிய சங்கத்திற்கும் இதே கணக்குதான். 400 உறுப்பினர்களின் அடையாள அட்டை எண், முகவரி, வங்கிக் கணக்கு எண் ஆகியவை ஓர் அட்டவணையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா எவ்வளவு சேர்ந்தது என்று காட்டும் அறிக்கைக்கு, தொகையும் தேதியும் மட்டும் போதும். வங்கி எண் இருக்கும் பகுதியை அந்த அறிக்கையின் சாவி திறக்கவே கூடாது.

பழைய கடவுச்சொல், புதிய திருட்டு

உலக அளவில் 2024ஆம் ஆண்டு ஸ்நோஃப்ளேக் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது இன்னொரு பாடம். பெரிய நிறுவனங்கள் தங்கள் விவரங்களைச் சேமித்து, அதிலிருந்து அறிக்கைகள் எடுக்கும் தரவுக் கிடங்கைத்தான் ஸ்நோஃப்ளேக் நடத்துகிறது. இணையப் பாதுகாப்பு நிறுவனமான மேண்டியண்ட் 2024 ஜூனில் வெளியிட்ட ஆய்வின்படி, பாதிக்கப்பட்டிருக்கலாம் என எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ 165. டிக்கெட்மாஸ்டர், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி போன்ற பெரிய பெயர்களும் இந்த விவகாரத்தில் அடிபட்டன.

ஸ்நோஃப்ளேக்கின் சொந்தக் கணினி அமைப்பு உடைக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் உண்மையான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திருடப்பட்டிருந்தன. மேண்டியண்ட் சுட்டிய குறைகள் மூன்று. அந்தக் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. திருடப்பட்ட கடவுச்சொற்களில் சில 2020ஆம் ஆண்டிலேயே திருடு போனவை, ஆனாலும் மாற்றப்படாமல் இருந்தன. எந்த இடத்திலிருந்து நுழையலாம் என்ற கட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. ஒப்பந்தப் பணியாளர்கள் சிலரின் கணினிகளே திருட்டுக்கு வழிவிட்டன. அலுவலக வேலைக்குப் பயன்பட்ட அதே கணினியில் விளையாட்டும், திருட்டு மென்பொருள் பதிவிறக்கமும் நடந்திருந்தன. அதன் வழி நுழைந்த தீய நிரல், சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கணினியிலேயே கடைக் கணக்கையும் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மைஇன்வோய்ஸ்: கடை வாசலுக்கே வந்த சாவி

இணைப்புச் சாவி என்பது பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று ஒதுங்கியிருக்க இனி முடியாது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் திட்டம், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி கட்டாயமானது. பின்னர் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களையும் எட்டியது.

இதற்கான மைஇன்வோய்ஸ் தளத்தில் விலைப்பட்டியலை நேரடியாகத் தட்டிப் பதிவு செய்யலாம். அல்லது கடையின் கணக்கு மென்பொருளை வாரியத்தின் கணினியோடு இணைக்கலாம். இணைக்கும்போது தளம் ஓர் அடையாள எண்ணையும் அதற்குரிய இரகசியச் சாவியையும் தருகிறது. 

இரகசியச் சாவி ஒரே ஒரு முறைதான் திரையில் காட்டப்படும். பக்கத்தை மூடிய பின் யாராலும் அதை மீண்டும் பார்க்க முடியாது. தொலைந்தால் புதிதாக உருவாக்க வேண்டியதுதான்.

சாவிக்குக் காலாவதி உண்டு. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என உருவாக்கும்போதே தெரிவு செய்ய வேண்டும். எந்த நாளில் முடிகிறது என்பதைக் குறித்து வைக்காவிட்டால், ஒரு நாள் காலையில் விலைப்பட்டியல் அனுப்புவது திடீரென நின்றுபோகும்.

இரண்டு இரகசியச் சாவிகள் வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. புதிய சாவியை மென்பொருளில் மாற்றி, அது வேலை செய்வதை உறுதிசெய்த பிறகு பழையதை நீக்கலாம். வியாபாரம் ஒரு நிமிடமும் நிற்க வேண்டியதில்லை.

அடையாள எண்ணையும் சாவியையும் காட்டி மென்பொருள் பெறும் டோக்கன் 60 நிமிடங்களுக்கு மட்டுமே செல்லும். அது யார் கையிலாவது சிக்கினாலும் ஒரு மணி நேரத்திற்குப் பிறகு பயனில்லை. ஆனால் இரகசியச் சாவியே சிக்கினால், காலாவதி நாள் வரை அவர் டோக்கன் வாங்கிக்கொண்டே இருக்கலாம். அதனால்தான் சாவியைக் காப்பது முக்கியம்.

கணக்காளரிடமோ மென்பொருள் விற்பவரிடமோ இந்த வேலையை ஒப்படைப்போர் பலர். அவர்களிடம் சொந்த வரிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை. மைஇன்வோய்ஸ் தளத்திலேயே அவர்களை இடையாளராக நியமிக்கலாம். எந்தெந்த வேலைக்கு அனுமதி, எந்த நாள் வரை என்று வரையறுக்கலாம். அவர்கள் தங்கள் சொந்தச் சாவியைக் கொண்டே வேலை செய்வார்கள். உறவு முறிந்தால் நியமனத்தை நீக்கினால் போதும். “கடவுச்சொல்லை அனுப்புங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று கேட்பவரிடம் இந்த வழியைச் சொல்லலாம்.

அறிக்கையை யார் பெயரில் பார்க்கிறார்கள்?

அறிக்கைக் கருவியில் பலர் கவனிக்கத் தவறும் அமைப்பு ஒன்று உண்டு. லுக்கர் ஸ்டூடியோவில் தரவு மூலத்தை இணைக்கும்போது, உரிமையாளரின் நுழைவு உரிமையில் காட்டுவதா, பார்ப்பவரின் நுழைவு உரிமையில் காட்டுவதா என்று தெரிவு செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆலயப் பொருளாளர் நன்கொடை அட்டவணையைத் தம் கணக்கில் வைத்திருக்கிறார். அதிலிருந்து ஓர் அறிக்கை தயாரித்து, இணைப்பைச் செயற்குழுவின் புலனக் குழுவில் பகிர்கிறார். உரிமையாளர் உரிமையில் அமைத்திருந்தால், அறிக்கையைத் திறப்பவர் அனைவரும் பொருளாளரின் கண்களால் பார்க்கிறார்கள். அட்டவணையைத் திறக்க அவர்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும், அறிக்கையில் வைத்த விவரங்கள் தெரியும். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்றும் அமைத்திருந்தால், அந்தச் செய்தி வேறு குழுவுக்குப் போகும்போது விவரங்களும் கூடவே போகும்.

பார்ப்பவர் உரிமையில் அமைத்தால், அட்டவணையைப் பார்க்க அனுமதி பெற்றவருக்கு மட்டுமே அறிக்கை திறக்கும். கொஞ்சம் சிரமம்தான். ஆனால் நன்கொடையாளரின் தொலைபேசி எண் இருக்கும் அறிக்கைக்கு அந்தச் சிரமம் தேவை. மொத்தத் தொகையை மட்டும் காட்டும் அறிக்கைக்கு உரிமையாளர் உரிமையே போதும். எந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

பவர் பிஐ கருவியிலும் நிலை ஏறத்தாழ இதுவே. விவரங்களை உள்ளே கொண்டுவந்து சேமிக்கும் முறையில், இணைத்தவரின் நுழைவு விவரத்தைக் கொண்டே கருவி தரவைப் புதுப்பிக்கிறது. யார் எந்த வரிகளைப் பார்க்கலாம் என்று தனியே கட்டுப்பாடு விதிக்காவிட்டால், அறிக்கைக்கு அனுமதி பெற்றவர் எல்லாவற்றையும் பார்க்க நேரிடும்.

செயலாளர் மாறும் நாள்

சங்கங்களில் பொதுக்கூட்டம் முடிந்து புதிய செயலவை வரும்போது வங்கிக் கையொப்பம் மாற்றப்படும், கணக்குப் புத்தகம் ஒப்படைக்கப்படும். அறிக்கைச் சாவியை யாரும் கேட்பதில்லை. இதனால் இரண்டு விதமான தொல்லை வருகிறது.

முதலாவது, அறிக்கை நின்றுபோவது. முன்னாள் செயலாளர் தம் கடவுச்சொல்லை மாற்றினாலோ, நிறுவனம் அவர் கணக்கை மூடினாலோ, அவர் பெயரில் ஓடிய இணைப்பு அறுந்துவிடும். பவர் பிஐ கருவியில், தானியங்கிப் புதுப்பிப்பு தொடர்ந்து 4 முறை தோல்வியடைந்தால் கருவி அந்த அட்டவணையை நிறுத்திவிடும். அறிக்கை மட்டும் பழைய எண்களோடு திரையில் அப்படியே நிற்கும். கீழே உள்ள தேதியைப் பார்க்காதவர், போன மாதக் கணக்கை இந்த மாதக் கணக்கு என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது இதைவிட மோசம்: அறிக்கை நிற்காமல் ஓடுவது. விலகியவரின் சாவி இன்னமும் கதவைத் திறக்கிறது என்பதே அதன் பொருள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய பழைய கைப்பேசி யார் கைக்குப் போனது என்பது சங்கத்திற்குத் தெரியாது.

அலுவலகக் கணினியில் உள்ள விவரங்களை இணையத்தில் ஓடும் பவர் பிஐ அறிக்கையோடு இணைக்க, கேட்வே என்னும் நுழைவாயில் மென்பொருளை நிறுவுவார்கள். அதை நிறுவும் அன்று மீட்புச் சாவி ஒன்றை நிர்ணயிக்கச் சொல்லும். கணினி பழுதாகி நுழைவாயிலை வேறு கணினிக்கு மாற்ற வேண்டி வந்தால், அந்த மீட்புச் சாவி இருந்தே ஆக வேண்டும். அதை மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. நிறுவிய தொழில்நுட்பரிடம் மட்டும் அது இருந்தால், அவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

எங்கே வைக்கக் கூடாது?

எக்செல் கோப்பில் வெளித் தரவு இணைப்பை அமைக்கும்போது, “கடவுச்சொல்லைச் சேமி” என்ற தெரிவு வரும். அதைத் தட்டினால் கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்படாமல் அப்படியே பதிவாகும் என்று எக்செல்லே எச்சரிக்கும். அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் சாவியையும் சேர்த்தே அனுப்பியதாகும்.

உபர் நிறுவனத்திற்கு 2016இல் நேர்ந்ததும் இத்தகையதே. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைத்த கிட்ஹப் தளத்தில், தரவுக் கிடங்கின் சாவியும் எழுதப்பட்டுக் கிடந்தது. அதைக் கண்டெடுத்தவர்கள் 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்துச் சென்றனர். நிறுவனம் இதை 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது.

புலனக் குழு, கைப்பேசிப் படம், மேசைக் கணினியில் ஒட்டிய துண்டுக் காகிதம், எல்லோரும் திறக்கும் அட்டவணை ஆகிய எதுவும் சாவி வைக்கும் இடமல்ல. கடவுச்சொல் காப்பகச் செயலிகள் உள்ளன. சிறிய சங்கத்திற்கு அதுவும் சிரமம் என்றால், உறையில் இட்டு ஒட்டிக் கையொப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வைப்பது, புலனத்தில் அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பதையும் கைவிட வேண்டும். அரசாங்கத்தின் பாடு எனப்படும் மத்தியத் தரவுத்தளம் 2024 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கியபோது, பிறருடைய அடையாள அட்டை எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் கொண்டே பதிவு செய்ய முடிவதாக முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். அடையாள அட்டை எண் நாம் யார் என்பதைச் சொல்லும் எண். மருத்துவமனை, பள்ளி, வங்கி, வாடகை ஒப்பந்தம் என எங்கும் எழுதிக் கொடுக்கும் அந்த எண் இரகசியமாக இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, உரிய அனுமதி இல்லாதவரிடம் கடவுச்சொல்லைத் தெரிவிப்பதையே குற்றமாகக் கருதுகிறது. தண்டனை 25,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத் தொடர்பில் பிறர் விவரங்களைக் கையாள்வோரைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. 2024இல் நிறைவேறிய திருத்தம், பாதுகாப்புக் கோட்பாடு உள்ளிட்ட கோட்பாடுகளை மீறுவோருக்கான அதிகபட்ச அபராதத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாகவும், சிறையை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்த்தியது. இது 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. விவரங்களைக் கையாளும் ஒப்பந்த நிறுவனங்களும் பாதுகாப்பு விதிக்கு நேரடியாகக் கட்டுப்பட வேண்டும்.

2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு, ஆணையரிடம் தெரிவித்த பின் 7 நாள்களுக்குள் சொல்ல வேண்டும். எந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும் என்ற பட்டியலே இல்லாத நிறுவனம், என்ன கசிந்தது என்று 72 மணி நேரத்தில் கண்டுபிடிப்பது கடினம்.

செய்ய வேண்டியவை

1. எந்த அறிக்கை, எந்தத் தரவு மூலத்தோடு, யார் பெயரில் இணைக்கப்பட்டுள்ளது, சாவி எப்போது காலாவதியாகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள்.

2. தொடர்ந்து ஓடும் அறிக்கைக்குத் தனிக் கணக்கோ தனிச் சாவியோ உருவாக்குங்கள். அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அந்தக் கணக்கின் மீட்பு மின்னஞ்சல், சங்கத்தின் அல்லது நிறுவனத்தின் மின்னஞ்சலாக இருக்கட்டும்.

3. ஓர் அறிக்கைக்கு ஒரு சாவி. ஒரே சாவியை ஐந்து அறிக்கைகளுக்குப் பயன்படுத்தினால், ஒன்றில் சிக்கல் வந்தாலும் ஐந்தையும் நிறுத்த வேண்டி வரும்.

4. மனிதர்கள் நுழையும் கணக்குகள் அனைத்திற்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமையுங்கள்.

5. சாவி காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றுங்கள். மனிதர் பயன்படுத்தும் கடவுச்சொல் வேறு. அமெரிக்காவின் தரநிலைக் கழகமான நிஸ்ட் 2017 முதலே, கசிந்ததற்கு அறிகுறி இல்லாதபோது கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்கிறது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லே மேல்.

6. பொறுப்பாளர் விலகும் அன்றே அவர் பெயரில் உள்ள இணைப்பைப் புதிய சாவிக்கு மாற்றிப் பழையதை நீக்குங்கள். ஒப்படைப்புப் பட்டியலில் வங்கிப் புத்தகத்திற்கு அடுத்த வரியாக இது இருக்கட்டும்.

7. ஒவ்வோர் அறிக்கையிலும் கடைசியாகப் புதுப்பித்த நாளும் நேரமும் தெரியும்படி வையுங்கள்.

கசிந்துவிட்டால்

முதல் வேலை சாவியை நீக்குவது. யார் செய்தது என்ற விசாரணை பிறகுதான். செய்தியை அழித்துவிட்டேன் என்று இருந்துவிடக் கூடாது. புலனத்தில் அழித்தாலும் அதற்குள் யாராவது எடுத்திருக்கலாம். புதிய சாவியை உருவாக்கி அறிக்கையை ஓடவிட்ட பின், தரவு மூலத்தின் நுழைவுப் பதிவைப் பாருங்கள். தெரியாத நேரத்தில், தெரியாத இடத்திலிருந்து நுழைவு உண்டா, மொத்தப் பதிவிறக்கம் நடந்ததா என்பதை அது சொல்லும். அந்தப் பதிவை அழிக்காமல் படி எடுத்து வையுங்கள். புகார் செய்யும்போது அதுதான் சான்று.

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணையும் அழைக்க வேண்டும். வணிக நிறுவனமாக இருந்தால் மேலே சொன்ன 72 மணி நேரக் கணக்கும் தொடங்கிவிடுகிறது.

உறுப்பினர்களிடம் சொல்லத் தயங்குவதே சங்கங்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. தம் அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் வெளியே போயிருக்கலாம் என்று தெரிந்தவர், மறுநாள் வரும் மோசடி அழைப்பை அடையாளம் கண்டுகொள்வார். தெரியாதவர், தம் பெயரும் எண்ணும் சரியாகச் சொல்லும் குரலை நம்பிவிடுவார். ஓய்வூதியப் பணத்தையும் பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பையும் வங்கியில் வைத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அந்த ஒரு நாள் முன்னெச்சரிக்கை மிகப் பெரிது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலாவதாகச் சொன்ன பட்டியலை மட்டும் இந்த வாரம் எழுதிப் பார்க்கலாம். எந்தச் சாவி யாருடையது என்று தெரியாத வரி ஒன்றாவது அதில் இருந்தால், வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.